டீயில் விரிந்த பஞ்சு

திருத்தணியில் ரயில் ஏறியதும் எதிரே வந்து உட்கார்ந்த அந்த ஆளைப் பார்த்தவுடனே எனக்குப் பிடிக்கவில்லை. வியர்வையில் ஊறிய டை, காலருக்குள் கைக்குட்டை. விரல்களுக்கிடையே மிளகளவு எதையோ ஓயாமல் உருட்டிக்கொண்டிருந்தான். என் மனைவியின் மொட்டைத் தலையைப் பார்த்து, "வேண்டுதலாங்க?" என்றான்.

"ஆங். மூளையில ரத்தக்குழா பலூன் மாதிரி வீங்கிகினு இருக்குதாம். நாளைக்கு ஆபரேஷன். எப்டியும் ஆஸ்பத்திரியில வழிச்சிடுவாங்க, அத முருகனுக்கே குடுத்துடலாம்னு மலையில எறக்கிட்டேன்" என்றாள் அவள்.

அவன் சிரித்தேவிட்டான். "தலையத் தொறக்க மாட்டாங்கம்மா. தொடை வழியா ஒயர் விட்டு, வீக்கத்துக்குள்ள கம்பிச் சுருள் வெப்பாங்க."

அதைச் சொல்ல இவன் யார்?

அரக்கோணத்தில் டீ வாங்கி, விரலில் உருட்டிய அந்த மிளகளவு உருண்டையை அதில் போட்டான். சூட்டில் அது நெல்லிக்காயளவு பஞ்சாக விரிந்தது. கம்பிக்குப் பதிலாக இதுவே வீக்கத்தை அடைத்துக்கொள்ளுமாம். ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் செய்கிறானாம்.

"இவளுக்கு இதை வெப்பாங்களா?" என்றேன்.

"இல்லீங்க. மனுஷங்களுக்கு இன்னும் வெக்கல."

"அப்புறம் எதுக்குய்யா எங்ககிட்ட காட்டுற?"

முகம் சுண்டிவிட்டது. "நேத்துதாங்க மொத தடவ முழுசா விரிஞ்சுது. யாருக்காவது காட்டணும்போல இருந்திச்சு."

அவ்வளவு பெரிய ரயிலில் இவனுக்கு நாங்கள்தான் கிடைத்தோமா?

அவளைக் காப்பாற்றியது கம்பிச் சுருள்தான். முடி வளர்ந்து பின்னல் போட்ட பிறகும், அவன் இறங்கும்போது விட்டுப்போன, டீக்கறை படிந்த அந்தப் பஞ்சை மட்டும் திருநீற்று டப்பாவில் வைத்திருக்கிறாள். தூக்கி எறியச் சொன்னேன்.

"இருக்கட்டும். தலையத் தொறக்க மாட்டாங்கன்னு எனக்குச் சொன்னது அவரு ஒருத்தருதான். டாக்டரு உங்ககிட்டதான சொல்லியிருந்தாரு?"