செம்பில் குடித்தவரும் எங்கள் வீட்டுத் தேநீரும்

வாசிகசாலைப் பலகையில் இதை ஒட்டும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

போன மாதம் மானிப்பாயில் நடந்த சமத்துவச் செயலமர்வு நினைவிருக்கிறதா? கடைசி நாள் எல்லோரையும் ஒரே செம்பில் தண்ணீர் குடிக்க வைத்தாரே, அதை நடத்திய மாஸ்ரர்? நான் வாய் வைத்த செம்பை வாங்கித் தானும் குடித்தாரே? அன்று வீட்டுக்கு வந்து, "இப்பிடியும் ஒரு மனிசன் இருக்கிறார் அம்மா" என்று சொல்லி அழுதேன்.

இன்று பின்னேரம் கோப்பாயில், எங்கள் வாசலில், அவருடைய சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது. அண்ணன் டியூப்பில் இருந்த ஓட்டையை ஒட்டிக் கொடுத்தார். அம்மா தேநீர் கொண்டுவந்தார்.

"வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்றார் மாஸ்ரர்.

அம்மா வற்புறுத்தவில்லை. "அப்ப சோடா வாங்கட்டே?"

"ஓம், சோடாவெண்டால் பரவாயில்லை. போத்தலோடையே தாங்கோ."

எங்கள் சாதி வீட்டுப் பாத்திரத்தில் வாய் வைக்காதவர்களுக்குக் கடைச் சோடா வாங்கிக் கொடுத்தே அம்மாவுக்குப் பழக்கம். இப்போதுதான் குடித்துவிட்டு வந்த வயிற்றில் முழுப் போத்தலும் இறங்கியது.

புறப்படும்போது என்னிடம் சொன்னார்: "வாற சனி அடுத்த செயலமர்வுக்குக் கட்டாயம் வாரும் பிள்ளை. உம்மைப்போல ஆக்கள் அனுபவத்தைச் சொன்னால்தான் சனத்துக்கு உறைக்கும்."

ஆறிப்போன தேநீரை அம்மாவே குடித்தார். "உவரே செம்பிலை குடிச்சவர்?" என்று மட்டும் கேட்டார்.

வெறும் போத்தலைக் கடையில் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை போகத்தான் போகிறேன். அனுபவத்தைச் சொல்லும்போது அதை மேசையில் வைக்கவா, மாஸ்ரரின் கையிலேயே கொடுக்கவா? கீழே இடம் விட்டிருக்கிறேன், எழுதுங்கள்.