சக்கரத்தைத் திருப்பிய விரல்

போன வாரம் நான் ஒரு பொய் சொன்னேன். பொய்கூட இல்லை... கேட்டபோது வாயைத் திறக்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

என் மச்சினன் முனிராஜுக்குக் காலில் புண். எலும்பு வரை சீழ். ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இளம் நர்ஸ் ஒருவர் ட்ரிப்ஸில் ஆன்டிபயாடிக் ஏற்றினார். "ரெண்டு மணி நேரம் ஆவும் சார். மெதுவாத்தான் போவணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மணி நேரமா? வீடு திரும்ப, இருட்டுவதற்குள் நான் சானமாவு காட்டைத் தாண்டியாக வேண்டும். யானை ரோட்டுக்கு வந்துவிட்டால் அவ்வளவுதான்! அதோடு, இருபது வருஷம் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்தவன். எது மெதுவாக ஓடினாலும் ஸ்பீடைக் கூட்டியே பழகிய கை. ட்யூபில் இருந்த சின்னச் சக்கரத்தைத் திருப்பிவிட்டேன்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. முனிராஜின் முகம், கழுத்து, மார்பு எல்லாம் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது.

"மாமா, எரியுது... அரிப்பு தாங்கல!"

நர்ஸ் ஓடி வந்து ட்ரிப்ஸை நிறுத்தினார். "யார்னா சக்கரத்தத் தொட்டீங்களா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் 'அலர்ஜி' என்று எழுதினார்கள். சீனியர் நர்ஸ் அந்தப் பெண்ணை என் எதிரிலேயே திட்டினார். அப்போதும் நான் பேசவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

டாக்டர் வந்தார். "இந்தக் கிருமிக்கு நல்லா கேக்கற மருந்தே இதுதாங்க. இது ஒத்துக்கலன்னா... கால் விரல் தப்புமான்னு சொல்ல முடியல."

விரல் என்றதும்தான் எனக்கு வாய் வந்தது. "சார்... நான்தான் வேகமா விட்டேன்."

அவர் கத்தவில்லை. மூச்சையும் பிரஷரையும் பார்த்தார். அரிப்புக்கு ஊசி போடச் சொன்னார். "இந்த மருந்து வேகமாப் போனா இப்படித்தான் செவக்கும். பாக்க அலர்ஜி மாதிரியே இருக்கும், ஆனா அலர்ஜி இல்ல. நீங்க சொல்லலன்னா ஆயுசுக்கும் இவருக்கு இந்த மருந்தக் குடுத்திருக்க மாட்டாங்க" என்றபடி அந்தச் சிவப்பு எழுத்தை அடித்தார்.

சிவப்பு அடங்கிய பிறகு அதே மருந்து, சொட்டுச் சொட்டாக. ஒன்றுமே ஆகவில்லை.

ஒரு தடிப்பு வந்தாலே 'எனக்கு அலர்ஜி' என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோமே... என்ன நடந்தது என்பதை டாக்டரிடம் முழுதாகச் சொல்கிறோமா?

அன்று மருந்தை மறுபடி ஏற்ற வந்த அந்த இளம் நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். பிறகு முனிராஜிடம் சொன்னார்:

"அண்ணா, உங்க மாமாவக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க."

வராண்டாவுக்கே போய் உட்கார்ந்தேன். முழுதாக இரண்டு மணி நேரம்... யானை வந்தால் வரட்டும்!