மூன்று முறை சொன்ன சம்மதம்

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆவணி மாதம், ஒடுகத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் எனக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. பந்தல் போட்டு, தட்டு மாற்றி, வந்தவர்கள் எல்லாம் வயிறார சாப்பிட்டுப் போன நான்காம் நாள், எனக்குக் காது கேட்காது என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஏனென்றால் என் பிரச்சினையே எனக்கு அளவுக்கு மீறிக் கேட்பதுதான்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. தினமும் காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஷூவின் மேல்தோல் ஓரத்தில் பசை தடவி, மடித்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிப் படிய வைக்கிற வேலை என்னுடையது. ஒரு மேஜைக்குப் பத்துப் பேர், பத்துச் சுத்தியல். சுற்றிலும் தையல் மெஷின்கள். அதெல்லாம் பழகிப்போயிருந்தது. ஆனால் அதற்கு முந்தைய வருடம் ஊர்த் திருவிழாவில், தோழிகளோடு ஆடுகிற குஷியில், ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னாலேயே மூன்று மணி நேரம் நின்றுவிட்டேன். மறுநாள் காலை எழுந்தால் வலது காதில் ‘ங்ஙீ…’ என்று ஒரு சத்தம். கெட்டுப்போகப் போகும் டியூப்லைட்டிலிருந்து வருமே, அதே மாதிரி. டியூப்லைட் என்றால் ஸ்விட்சை அணைக்கலாம். இதை எங்கே போய் அணைப்பது?

அதோடு விட்டதா என்றால், இல்லை. சாதாரணச் சத்தங்கள்கூட வலிக்க ஆரம்பித்தன. எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தால் காதுக்குள் ஊசி இறங்கும். பஸ் ஹாரன் அடித்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். குக்கர் விசில் வருவதற்குள் நான் தெருமுனைக்குப் போயிருப்பேன். சமையல் வேலைக்குப் பயந்து ஓடுகிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். அதில் பாதி உண்மை என்பதால் நானும் மறுக்கவில்லை.

டாக்டரிடம் போகவில்லை. வைத்தியத்தை நானே கண்டுபிடித்தேன். கணுக்கால் படுகிற இடம் மெத்தென்று இருப்பதற்காக ஷூவுக்குள் ஒரு ஃபோம் வைத்துத் தைப்போம். காலர் ஃபோம் என்று பெயர். வெட்டியது போக மீதித் துண்டுகள் கூடை கூடையாகக் குப்பைக்குப் போகும். அதில் ஒன்றை எடுத்து, விரல் நுனி அளவுக்குக் கத்தரித்து, உருட்டிக் காதில் அடைத்தேன். அடடா, என்ன சுகம்! முதலில் கம்பெனியில் மட்டும் வைத்தேன். அப்புறம் பஸ்ஸில், அப்புறம் வீட்டில், கடைசியில் தூங்கும்போதும். ஆனால் அடைக்க அடைக்க நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. ஃபோமை எடுத்தால், அம்மா கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம்கூடத் தாங்க முடியவில்லை. அறிவாளி நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்னும் பெரிய துண்டாக வெட்டிக்கொண்டேன்.

இந்த லட்சணத்தில்தான் வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை. பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டோம். போனைக் காதில் வைத்தால் குத்தும் என்பதால் நான் டைப் அடித்தே சமாளித்தேன். எனக்குக் கூச்சம் என்று அவர் நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். பத்தே நாளில் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. காதைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்றபோது அம்மா தடுத்தாள். “கல்யாணம் ஆவட்டும், அப்பறம் மெதுவா சொல்லிக்கலாம். இப்ப சொன்னா பேஜாராயிடும்” என்றாள். நானும் தலையாட்டிவிட்டேன். அது என் தப்புதான்.

நிச்சயதார்த்தத்தன்று மேளமும் மைக்செட்டும் இருந்ததால் இரண்டு காதிலும் ஃபோமை ஆழமாக அழுத்திக்கொண்டு, மேலே பூவைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா கணவரை இழந்தவர். இருபது வருடம் வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் வேலை பார்த்துத்தான் பையனையும் பெண்ணையும் ஆளாக்கினார். பேசினால் நாலு வீடு கேட்கும். தட்டு மாற்றுவதற்கு முன்பு எல்லாரையும் நிறுத்திவிட்டு, என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“தோ பாரும்மா, உனுக்கு முழு சம்மதந்தானே? யாரும் கட்டாயம் பண்லியே?”

ஃபோமையும் தாண்டி அவர் குரல் தெளிவாகக் கேட்டது. “சம்மதம் அத்தை” என்றேன். காதை அடைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள், நம் குரல் நம் மண்டைக்குள்ளேயே முழங்கும். ஊரே கேட்கிற மாதிரி கத்திவிட்டேனோ என்று வெட்கமாகிவிட்டது. அவர் மறுபடியும் கேட்டார். இந்த முறை மெதுவாகச் சொன்னேன். மூன்றாவது முறையும் கேட்டார். நான் இன்னும் குரலைத் தணித்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. “பொண்ணு வெக்கப்படுதுமா” என்று என் பெரியப்பா சொல்லிச் சமாளித்து, தட்டை மாற்ற வைத்தார். எனக்கோ உள்ளுக்குள் கோபம். சொன்ன பதிலையே எத்தனை முறை சொல்ல வைப்பார், சபையில் என்னை மட்டம் தட்டுகிறாரா என்று நினைத்தேன்.

அன்றைக்கு எனக்குப் பூ வைத்துவிட்ட நாத்தனார் ஃபோமைப் பார்த்திருக்கிறாள். கேட்டால் பதில் இல்லை, காதில் ஏதோ அடைப்பு. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டார்கள். தரகர் வந்து எங்கள் வாசலில் நின்றார்.

“காது கேக்காத பொண்ண மறைச்சிக் குடுக்கப் பாத்தீங்களாம். டெஸ்ட் எடுத்து சீட்டு காட்டுனாத்தான் மேக்கொண்டு பேச்சாம்.”

அம்மா அழுதாள். எனக்குக் கண்ணீர் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஆனால் மாப்பிள்ளையும் இரண்டு நாளாக ஒரு மெசேஜ்கூட அனுப்பவில்லை என்பதுதான் நெஞ்சில் கனத்தது. அன்று மாலை காது வலித்தாலும் பரவாயில்லை என்று போனை எடுத்து அவரிடம் பேசினேன்.

“எனக்குக் காது கேக்குதுங்க. ஜாஸ்தியாவே கேக்குது. அத உங்ககிட்ட சொல்லாதது என் தப்பு. டெஸ்ட் எடுத்துக்கறேன். ஆனா உங்கம்மாவும் கூட வரணும். சீட்ட நான் கொண்டாந்து காட்ட மாட்டேன். அவங்களே கண்ணால பாக்கட்டும்.”

“அம்மாவ அனுப்பறேன். ஆனா எங்கிட்ட சொல்லியிருக்கலாம் நீ” என்றார் அவர். இந்தக் கல்யாணம் நடக்காமல் போனால் என்னால் தாங்க முடியாது என்பது போனை வைத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்து வந்த திங்கட்கிழமை, லீவு போட்டுவிட்டு ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். அத்தை வந்தார். இருவரும் வேலூர் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் டிரைவர் பத்து முறை ஹாரன் அடித்திருப்பார். ஃபோமை மீறி வலித்தது. ஒவ்வொரு முறையும் சேலை முந்தானையைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். அத்தை என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“காது கேக்காதவ ஹாரனுக்கு இன்னாத்துக்குத் துடிக்கிறே?” என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் பதில் சொன்னேன். அவர் காதில் வாங்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்ன திமிர் என்று நினைத்தேன்.

வேலூரில் காது டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, இடுக்கியை விட்டு ஏதோ ஒன்றை இழுத்தார். கறுப்பாக, மிளகு அளவில் ஒரு ஃபோம் துணுக்கு. எத்தனை நாளாக உள்ளே இருந்ததோ! அத்தை எட்டிப் பார்த்தார். தோலில் புரண்டவர் அல்லவா, கண் தப்பவில்லை.

“இது காலர் ஃபோமாச்சே. ஷூவுக்குப் போடறத காதுக்குப் போட்டுக்குனியா?”

எனக்கு மானமே போனது. டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு டெஸ்டுக்கு அனுப்பினார்.

சத்தமே புகாத சின்ன அறை. காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். இதில் எனக்கு ஒரு சங்கடம். ஹெட்போனில் வருவது மெஷின் சத்தமா, எனக்குள் ஓயாமல் கேட்கிற அந்தப் பாழாய்ப்போன சத்தமா? மூச்சை அடக்கி, ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்து அழுத்தினேன். பரீட்சைக்குக்கூட நான் அவ்வளவு கவனமாக உட்கார்ந்ததில்லை. கண்ணாடிக்கு வெளியே அத்தை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

டெஸ்ட் எடுத்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கேட்கும் திறன் நன்றாக இருக்கிறது, சத்தம் தாங்கும் அளவுதான் குறைந்துவிட்டது என்று சொன்னாள். நாள் முழுக்க அடைத்து வைத்தால் காதுக்குக் கூச்சம் இன்னும் அதிகமாகும். நிஜமாகவே இரைச்சல் இருக்கும் இடத்தில் மட்டும் சரியான அடைப்பான் போதும். மற்ற நேரம் சின்னச் சின்னச் சத்தங்களைப் பழக்க வேண்டும், ராத்திரி ஃபேன் சத்தத்தோடு தூங்கலாம் என்று பொறுமையாக விளக்கினாள்.

அத்தை விடவில்லை. “அப்ப மூணு தரம் கேட்டேனே, ஏன் வாயத் தொறக்கல?”

“மூணு தரமும் சொன்னேன் அத்தை.”

“ஆங்?”

“மூணு தரமும் சம்மதம்னு சொன்னேன்.”

“இன்னாம்மா, வாய்க்குள்ளயே பேசறே?”

டெஸ்ட் எடுத்த பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அத்தையின் தோளைத் தொட்டு, குரலை உயர்த்தி, “அம்மா, உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாமா?” என்றாள்.

இப்போது கண்ணாடிக்கு வெளியே நான் நின்றேன். உள்ளே அத்தை பட்டனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அந்தப் பெண் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். அத்தையின் விரல் அசையவே இல்லை. அவர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, எங்கேயாவது ஒரு சத்தம் வராதா என்று தேடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபோது, அதுவரை அவர்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் போய்விட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. நான் பதில் சொல்லி, அவர் திரும்பிக்கொண்டதை எல்லாம் திமிர் என்று எண்ணினேனே!

டேனரியில் அவருக்கு, தோலை அடித்து மிருதுவாக்கும் மெஷின் பக்கத்தில் நின்று தோலை வாங்கி அடுக்குகிற வேலை. நாள் முழுக்க அந்த அடிச் சத்தம். மெல்லிய குரல்கள் இரண்டு காதிலும் விழாமலே போயிருந்தன. அது அவருக்கே தெரியாது. உலகத்தில் எல்லாரும் வாய்க்குள் பேசக் கற்றுக்கொண்டார்கள் என்றுதான் நினைத்திருக்கிறார்.

வெளியே வந்து டீ குடித்தோம். அத்தை கேட்டார்.

“உன் காதுல ‘ங்ஙீ’ன்னு கேக்குதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே, இப்பவும் கேக்குதா?”

தலையாட்டினேன்.

“எனக்கும் ஒண்ணு கீது. வேலைய வுட்டு நின்னாப்பறமும் போவல. மெஷின் கூடவே வூட்டுக்கு வந்துட்ச்சின்னு நெனைச்சிக்குவேன். எல்லாருக்கும் இருக்கும்போலன்னு யார்கிட்டயும் சொன்னதில்ல.”

நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அவர் காதருகே குனிந்து, ஃபோம் இல்லாமல், என் குரல் எனக்கே வலிக்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்: “எனக்குச் சம்மதம் அத்தை!” டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள். அத்தை சிரித்துவிட்டார்.

தை மாதம் கல்யாணம். மேளமே வேண்டாம் என்று மாப்பிள்ளை சொன்னார். நான்தான் வேண்டும் என்றேன். டெஸ்ட் எடுத்த பெண் சொன்ன மாதிரி நல்ல அடைப்பானாக வாங்கி அம்மாவின் கைப்பையில் வைத்திருந்தேன். நல்ல நேரம் நெருங்கி, ஐயர் கையைத் தூக்கியபோதுதான் தெரிந்தது, கைப்பையை அம்மா மாடி அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். மேளக்காரர் குச்சியை ஓங்கிவிட்டார். கெட்டி மேளத்தை யார் நிறுத்துவது? நான் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

அத்தை, கணவர் இல்லாதவர் தாலி கட்டும் நேரத்தில் முன்னால் வரக்கூடாது என்று தானாகவே ஒதுங்கி, கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். எப்படி வந்தாரோ தெரியவில்லை. திடீரென்று பின்னாலிருந்து இரண்டு கைகள் என் காதுகளை இறுகப் பொத்தின. தோல் அடுக்கிக் காய்ப்பேறிய கைகள். மேளம் எங்கோ அடுத்த தெருவில் அடிப்பது போல இதமாகக் கேட்டது. கழுத்தில் தாலி ஏறியது. ஏதோ ஒரு கிழவி முணுமுணுப்பதும், “அம்மா, கைய எடுங்க, மறைக்குது” என்று போட்டோகிராபர் கத்துவதும் லேசாகக் காதில் விழுந்தது.

“நீ போட்டோவப் புடிப்பா. நான் காதப் புடிச்சிக்கிறேன்” என்றார் அத்தை, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி.

இன்றும் எங்கள் தாலி கட்டும் போட்டோவில் என் முகத்தின் இரண்டு பக்கமும் அந்தக் கைகள் இருக்கின்றன. அதுதான் ஹாலில் மாட்டியிருக்கிறது. அத்தைக்குக் காது மெஷின் வாங்கிவிட்டோம். வாரத்தில் பாதி நாள் மாட்டிக்கொள்வார். டிவி சத்தத்துக்கு எங்களுக்குள் தினமும் சண்டை உண்டு. கம்பெனியில் நானே கேட்டு, சுத்தியல் மேஜையிலிருந்து செக்கிங் மேஜைக்கு மாறிவிட்டேன். குக்கர் விசிலுக்கு இப்போது தெருமுனை வரை ஓடுவதில்லை, வாசல் வரைதான்.

காதில் அந்தச் சத்தம் இப்போதும் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் யாராவது எனக்குப் பதில் சொல்லவில்லை என்று கோபம் பொங்கும்போதெல்லாம், மூன்று முறை சொல்லியும் போய்ச் சேராத என் சம்மதம் ஞாபகத்துக்கு வருகிறது. உடனே எழுந்து, பக்கத்தில் போய், நான்காவது முறையும் கேட்டுவிடுகிறேன்.