மாஸ்டரின் கால்கள்

அந்த ஷூக்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. எங்கள் புரோட்டாக் கடையில் பெரிய கல்லுக்குப் பின்னால், அடுப்புச் சூடு படுகிற சுவரோரம், ஓடுவதற்குப் போடுகிற ஒரு ஜோடி ஷூ சாய்த்து வைத்திருக்கும். குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் கைக்குட்டைகூடக் காயாது. கடையில் புரோட்டா போடுகிற பையன் விடியுமுன் ஓடி நனைத்துக்கொண்டு வந்த ஷூ மறுநாள் ஓட்டத்துக்குள் காய வேண்டும். அதற்கு அடுப்பை விட்டால் வேறு இடமில்லை. முதலாளி அண்ணாச்சி அதைப் பார்க்கிறபோதெல்லாம் சத்தம் போடுவார். "ஏலே, சால்னா வாசத்துக்கு வாரவன் ஒன் ஷூ வாசத்துல ஓடிருவாம்லே!" "ஓடட்டும் அண்ணாச்சி, ஒடம்புக்கு நல்லது" என்பான். அண்ணாச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு கல்லாவுக்குப் போய்விடுவார். ஷூ அங்கேயே இருக்கும்.

அவனை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். அப்போது அவனுக்கு இருபது வயது. நான் அந்தக் கடையின் பின்கட்டில் வெங்காயம் நறுக்கி, சால்னாவுக்கு மசாலா அரைக்கிறவள். முன்னால் வந்து நாலு பேர் பார்க்க நிற்பதற்கே எனக்குக் கூச்சம். மாவு பிசைய உள்ளே வருகிற மாஸ்டரிடம் மட்டும் வாய் திறந்து பேசுவேன். இரண்டு பேருக்கும் இலத்தூர்தான் சொந்த ஊர். அவனுக்கு அப்பா இல்லை. அம்மாவும் படிக்கிற தங்கச்சியும் அவன் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்திலோ போலீஸிலோ இருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பையன்கள் வேறு வேலை எதுவும் பார்க்காமல் ஒரு வருஷம் பயிற்சிக்கென்றே போய்த் தங்குவார்கள். மாஸ்டருக்கு அது முடியாது. ஆனால் ஆசை மட்டும் அவர்களைவிட ஒரு படி மேலே இருந்தது. விமானத்திலிருந்து குதிக்கிற கமாண்டோ படைக்குத்தான் போவேன் என்று நின்றான்.

"சாதாப் பட்டாளம் ஆகாதா தம்பி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆகும்க்கா. ஆனா குதிக்கணும்லா."

"நான்லாம் பஸ்ஸு நின்ன பொறகும் படியில இருந்து எறங்கப் பயப்படுத ஆளு."

"ஒங்களையும் கூட்டிட்டுப் போய்த் தள்ளி விடுதேன், பாருங்க" என்று சிரித்தான்.

விடியுமுன் நான் தண்ணீர் பிடிக்க வரும்போது அவன் குளக்கரையில் ஓடுகிற சத்தம் கேட்கும். இருட்டில் ஆள் தெரியாது, ஷூச் சத்தம் மட்டும் போய்த் திரும்பி வரும். பிறகு புளியங்கொப்பில் தொங்கி எழும்புவான். அது முடிந்து பஸ் பிடித்துக் கடைக்கு வந்தால் மாவு பிசைவது, உருண்டை போடுவது, அப்புறம் கடை சாத்தும் வரை கல் முன்னால் நிற்பது. சீசனில் கேரளாக் கூட்டம் செங்கோட்டை வழியாக வந்து இறங்கும். ஒன்றுக்குப் போக வேண்டுமென்றாலும் இன்னொருவர் வந்து கல்லைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவன் அலுத்துக்கொண்டதே இல்லை. மைதா மூட்டையை இறக்கச் சொன்னால் தோளுக்கு ஒன்றாக இரண்டைத் தூக்குவான். புரோட்டா வேகிற இடைவெளியில் குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குவான். வேலை வேறு, பயிற்சி வேறு என்று அவன் நினைக்கவில்லை. இந்தக் கல்லே தன்னைத் தயார் செய்கிறது என்று நம்பினான். நாங்களும் நம்பினோம்.

லுங்கியை மடித்துக் கட்டியிருப்பான். கெண்டைக்காலில் நரம்பு கயிறு கயிறாகப் புடைத்து, முழங்காலுக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும். "மாஸ்டர், இது காலா, ஆலமர வேரா?" என்று சப்ளையர் கேலி செய்வார். அண்ணாச்சிக்கு அதில் பெருமை. சாப்பிட வந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். "பாருங்க, ஓடி ஓடி ஏறுன முறுக்கு. இப்பவே கமாண்டோக் காலு." மாஸ்டர் வெட்கப்பட்டு லுங்கியை இறக்கிவிடுவான். சாயந்தரமானால் கால் கனக்கிறது என்பான், ஓடின வலி என்று எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பான். என் கால்களிலும் சேலைக்குள்ளே அதே நரம்புகள் உண்டு. என் அம்மாவுக்கும் இருந்தன. நின்று உழைக்கிற காலில் நரம்பு தெரியும் என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம். அதற்கு ஒரு பெயரும் வைத்தியமும் உண்டென்று யாரும் சொன்னதில்லை.

வயது வரம்புக்குள் அவனுக்கு மிஞ்சியிருந்த கடைசி ஆளெடுப்பு முகாம் சீசன் நடுவில் வந்தது. லீவு கேட்கத் தயங்கி என்னிடம் சொன்னான். நான் எப்படி அண்ணாச்சியிடம் பேசுவேன்? கடைசியில் அவனே போய் நின்றான். அண்ணாச்சி கையிலிருந்த சில்லறையை எண்ணிக் கல்லாவில் போட்டார். பிறகு, "போயிட்டு வாலே. வாசுதேவநல்லூர்ல இருந்து ஒரு ஆள வரச் சொல்லுதேன். கல்லு எங்கன ஓடிரப் போவுது?" என்றார். கிளம்புகிற அன்று ஒரு பொட்டலம் நிறையப் பொரித்த கோழி கட்டிக் கொடுத்தார்.

அவன் திரும்பி வந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. நான் அம்மியடிக்குப் போனபோது மாவுப் பலகை முன்னால் நின்று பிசைந்துகொண்டிருந்தான். ஓட்டத்தில் முதல் வரிசையில் வந்தானாம். கயிறு, பள்ளம் எல்லாம் தாண்டினானாம். டாக்டர் திரும்பி நிற்கச் சொல்லிக் காலைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். என்ன வேலை பார்க்கிறாய் என்று பக்கத்திலிருந்த தமிழ்ப் பட்டாளக்காரர் கேட்டாராம்.

"புரோட்டா மாஸ்டர்னு சொன்னேன்க்கா. 'நின்னு நின்னு வந்ததுலே இது, நரம்புச் சுருட்டு. எடுக்க மாட்டாவ'ன்னாரு. ஓடி வந்தது சார்னு சொன்னேன். அவருக்குக் கஷ்டமாப் போச்சு போல, முதுகுல தட்டிக் குடுத்தாரு."

திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலும் காட்டினான். ஆபரேஷன் செய்யலாம், செய்தாலும் படையில் எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது, ஆறுவதற்குள் வயதும் தாண்டிவிடும் என்றார்கள். இனி அதிக நேரம் நிற்கக் கூடாது என்றும் சொன்னார்கள். அண்ணாச்சி அன்றைக்கே உயரமான ஸ்டூல் ஒன்று வாங்கிப் போட்டார். உட்கார்ந்தால் கை வீச்சு வரவில்லை, புரோட்டா மடங்கி விழுந்தது. இரண்டாம் நாள் ஸ்டூல் கல்லா பக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் காலைப் பற்றி அண்ணாச்சி யாரிடமும் பேசியதில்லை.

மூன்று சீசன் போய்விட்டது. மாஸ்டர் இன்னும் அதே கல் முன்னால்தான் நிற்கிறான். தங்கச்சி காலேஜ் போகிறாள். வேறு வேலை தேடலாமே என்று சொல்பவர்களுக்கு, உட்கார்ந்து பார்க்கிற வேலையை யார் கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. அவன் இப்போது லுங்கி கட்டுவதில்லை. வெயில் காலத்திலும் பேண்ட்தான். விடியுமுன் தண்ணீர் பிடிக்கப் போனால் குளக்கரை சத்தமில்லாமல் கிடக்கிறது.

போன வாரம் உருண்டை போட்டுக்கொண்டிருந்தவனிடம், "இப்பமாவது நல்லாத் தூங்குதியா தம்பி?" என்று கேட்டேன்.

"எங்கக்கா... அந்நேரத்துக்கு முழிப்பு வந்துருது."

"முழிச்சு என்ன செய்வ?"

"காலத் தூக்கிச் செவுத்துல சாச்சு வச்சுக்கிட்டுப் படுத்துக் கெடப்பேன். அப்பிடி வைக்கத்தான் டாக்டரு சொல்லிருக்காரு."

"எம்புட்டு நேரம்?"

உருண்டைகளின் மேல் எண்ணெய் தடவி, ஈரத் துணியால் மூடினான்.

"முன்னாடி ஓடுன நேரம் பூராவும்" என்றான்.