மலாக்கா கோட்டைக்கு ஒரு நாள் குடும்பம்

சென்ற மாதம் மகளுக்குக் காய்ச்சல். ஜொகூர் பாருவில் எங்கள் அடுக்ககத்தின் கீழேயே இருக்கும் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். முகப்பில் இருந்த பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, பிள்ளைக்கு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டாள். ஏழு ஆண்டுகளாக நான் வளர்க்கும் பிள்ளை. விடை எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் என் நாக்கு எழவில்லை. கணவர்தான் “அப்படி ஒன்னும் இல்ல” என்று சொல்லிவிட்டு என்னை விநோதமாகப் பார்த்தார். வீட்டுக்கு வந்தபின் காரணம் கேட்டார். கிளினிக்கின் மருந்து நெடி ஒத்துக்கொள்ளவில்லை என்று மழுப்பிவிட்டேன். அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

நெடியைச் சொன்னதில் பாதி உண்மை உண்டு. எனக்கு அந்த நெடியோடு, சோற்றுக்கு மணம் சேர்க்கப் போடும் பாண்டான் இலையின் வாசனையும் சேர்ந்தே வரும். படிப்பை முடித்த புதிதில் என்னை வேலைக்கு வைத்திருந்த ஜமால் பாய் தம் வேனின் பின்னிருக்கைக்கு அடியில் ஒரு கட்டுப் பாண்டான் இலையை எப்போதும் போட்டு வைத்திருப்பார். கரப்பான் அண்டாது என்பார். கரப்பான்கள் அந்த இலைக்கட்டிலேயே சுகமாகக் குடியிருந்ததை நான் கண்டிருக்கிறேன், சொல்லவில்லை. சில நம்பிக்கைகளைக் கலைக்கக் கூடாது என்ற தெளிவு அந்த வயதிலேயே எனக்கு இருந்தது. எவற்றைக் கலைத்தே ஆக வேண்டும் என்ற தெளிவுதான் இல்லை.

பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து முடித்துவிட்டு, மூவாரில் அப்பாவின் வீட்டில் ஆசிரியர் பணி ஆணைக்காகக் காத்திருந்த காலம் அது. சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற வேகம் நிறைய இருந்தது. சமூகம்தான் என்னை இன்னும் கூப்பிடவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்த ஜமால் பாய் கூப்பிட்டார். சனி ஞாயிறுகளில் குளுவாங், லாயாங் லாயாங், பத்து பகாட் என்று ஊருக்கு இரண்டு மூன்று பேராகச் சேர்த்து, ஒரு வேன் நிறைய மலாக்காவுக்குக் கொண்டுபோய்ச் சுற்றிக்காட்டி மாலைக்குள் திருப்பிவிடுவது அவர் தொழில். தமிழில் கதை சொல்ல ஆள் வேண்டும் என்றார். ரப்பர்த் தோட்டத்தை விட்டு வெளியே போகாத பெண்கள் நாட்டின் வரலாற்றை நேரில் காண்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் அப்பாவிடம் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அப்பா தினசரியைத் தாழ்த்தாமல், “வேனுக்குச் சுற்றுலா லைசென்ஸ் இருக்காமா?” என்று மட்டும் கேட்டார்.

இல்லை. எனக்கும் வழிகாட்டி உரிமம் இல்லை. இந்த இரண்டு இல்லைகளையும் மறைக்க ஜமால் பாய் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். பயணிகள் அனைவரும் ஏறியதும் திரும்பி உட்கார்ந்து அறிவிப்பார்: “இன்னிக்குப் பொழுது சாயுற வரைக்கும் நாம எல்லாரும் ஒரே குடும்பம். யாராச்சும் கேட்டா சொந்தக்காரங்க, ஊர் சுத்த வந்தோம்னு சொல்லணும். சொத்துல மட்டும் பங்கு கேக்காதீங்க.” வேன் குலுங்கச் சிரிப்பார்கள். சிலுவை அணிந்தவர், நெற்றி நிறையத் திருநீறு பூசியவர், ஓட்டுநர் இருக்கையில் வெள்ளைத் தொப்பி. இப்படியொரு குடும்பம் எந்த வம்சத்தில் உண்டு? மலாக்கா நெருங்கியதும் ஜமால் பாய் தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். குடும்ப ஒற்றுமைக்காக.

வேலை செய்யும் முறையும் அதற்கேற்ப அமைந்தது. வழிகாட்டிகளைப்போலக் கொடி பிடிக்கக் கூடாது. குரலை உயர்த்தக் கூடாது. எதையும் கை நீட்டிக் காட்டக் கூடாது. நடந்தவாறே, வீட்டுப் பேச்சுப் போல வரலாறு சொல்ல வேண்டும். “அத்தை, கால பாத்து வைங்க, இந்த வாசல் மட்டுந்தான் மிச்சம், போர்த்துக்கீசியர் கட்டினது” என்பேன். மதில் முழுவதையும் ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்ததையும், தகர்த்தால் கல்லுக்குள் இருக்கும் ஆவிகள் வெளியேறிவிடும் என்று ஊரார் அஞ்சியதையும் காதோடு காதாகச் சொல்வேன். கோட்டைக்குள் ஒரு பேராலயம் இருந்தது. அதன் தடமே இல்லை. இல்லாத பேராலயத்தைக் கை நீட்டாமல் காட்டுவது எத்தனை கடினம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எல்லா நேரமும் கண்கள் கூட்டத்தைத் துழாவிக்கொண்டே இருக்கும். சீருடையோ, உரிமம் சோதிக்கும் அமலாக்க அதிகாரிகளின் கையில்லா மேற்சட்டையோ தெரிந்தால் பேச்சைச் சமையலுக்கு மாற்றிவிடுவேன். ஜமால் பாயை ஒருமுறை எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். அடுத்த முறை பிடிபட்டால் வேன் பறிபோய்விடும். அவருக்கு அந்த வேனை விட்டால் வேறு பிழைப்பில்லை. என் பெயர் ஏதேனும் ஒரு குறிப்பேட்டில் ஏறினால் பணி ஆணை என்ன ஆகும் என்ற கவலை எனக்கு. விளைவுகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்குச் சிறுவயது முதல் உண்டு. எண்ணிப் பார்த்துவிட்டு அதையே செய்யும் பழக்கமும் உண்டு.

நான் சொல்ல வந்த நாளில் காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. அந்தோணியம்மா லாயாங் லாயாங்கிலிருந்து தனியாக வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். குன்றின் மேலிருக்கும் கூரையில்லாத பழைய தேவாலயத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்று வந்தவர். மேலே போனதும் சுவரில் சாய்த்து வைத்திருந்த கல்லறைக் கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டார்; திறந்த வானத்தைப் பார்த்து ஒரு செபம் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பி, “கூரை இல்லாட்டியும் கோயில் கோயில்தானேம்மா?” என்றார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தவை அந்தச் செபமும், தேநீரில் சர்க்கரை போட மாட்டார் என்பதும் மட்டுமே.

இறங்கும்போது பாசி படிந்த படியில் அவர் கால் வழுக்கியது. ஐந்தாறு படிகள் உருண்டு, தலை கல்லில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. வலது மணிக்கட்டு இருக்கக் கூடாத கோணத்தில் திரும்பியிருந்தது. நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் கீழிருந்து ஒருவர் ஏறி வந்து அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார். அவர் மேல் அமலாக்க அதிகாரிகள் அணியும் கையில்லாச் சட்டை.

நல்ல மனிதர். தம் கைக்குட்டையாலேயே நெற்றிக் காயத்தை அழுத்திப் பிடித்தார். இவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று மலாயில் கேட்டார். அத்தை என்றேன். சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், தயக்கமே இல்லை. மற்றவர்களைக் கீழே நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு, ஜமால் பாயும் அவருமாக அந்தோணியம்மாவைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். உதவிக்கு இருக்கட்டும் என்று அதிகாரியும் ஏறிக்கொண்டார். பாண்டான் வாசனை சூழ்ந்த அந்த வேனில், அந்தோணியம்மாவின் தலை என் மடியில், எதிரே அந்த அதிகாரி. ஜமால் பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் வரையச் சொன்னால் வரைவேன்.

அருகிலிருந்த ஒரு கிளினிக்கில் மருத்துவர், முதலில் வலிக்கு ஊசி போட்டுவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்றார். அந்தோணியம்மா அரை மயக்கத்தில் மாதாவின் பெயரை முனகிக்கொண்டிருந்தார்; கேட்ட எதற்கும் பதில் இல்லை. நீங்கள் உறவினரா என்று மருத்துவர் என்னைக் கேட்டார். என் பின்னால் அதிகாரி நின்றிருந்தார். ஆமாம் என்றேன். இவருக்கு ஏதாவது நோய் உண்டா? எந்த மருந்துக்காவது ஒவ்வாமை உண்டா? ஓர் அத்தையைப் பற்றி மருமகளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய கேள்விகள். தெரியாது என்றால் எப்படிப்பட்ட உறவு என்று பின்னால் நிற்பவர் யோசிக்க மாட்டாரா? நான் சொன்னேன்: “தாக் அடா.” இல்லை.

திரையை இழுத்து மூடினார்கள். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தோணியம்மாவின் கைப்பை என் மடியில் இருந்தது. அதைத் திறந்து பார்த்திருக்கலாம். திறந்தால், அத்தையின் பையில் மருமகள் எதைத் தேடுகிறாள் என்று ஆகிவிடும். அதிகாரி வாசலருகே நின்றவாறு கைபேசியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். ஜமால் பாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உதடு அசையாமல், “சும்மா இரும்மா. எல்லாருக்கும் போடுற ஊசிதான்” என்றார். சட்டைப் பையிலிருந்த தொப்பியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார்.

அந்தச் சில நிமிடங்களில் நான் போடாத கணக்கில்லை. ஒரு தட்டில் வேன், பாயின் குடும்பம், என் பணி ஆணை. மறு தட்டில் ஒருவேளை. வெறும் ஒருவேளை. எத்தனை பேருக்கு மருந்து ஒவ்வாமல் போகிறது? இவருக்கு மட்டும் ஏன் இருக்கப் போகிறது? அச்சம் எத்தனை நியாயமாகப் பேசும் என்பதை அன்றுதான் அறிந்தேன். திரைக்குப் பின்னால் ஊசியின் உறையைக் கிழிக்கும் ஒலி கேட்டது.

எழுந்து போய்த் திரையை விலக்கினேன். “எனக்கு இவங்களத் தெரியாது டாக்டர். நான் சொந்தக்காரி இல்ல. காலையிலதான் பாத்தேன்” என்று மலாயும் தமிழும் கலந்து உளறினேன். பையை அவர் மேசையில் கவிழ்த்தேன். செபமாலை, ஒரு சீப்பு, பிஸ்கட் பொட்டலம், பணப்பை. பணப்பைக்குள் அரசு மருத்துவமனை கொடுத்த ஓர் அட்டை. மருத்துவர் அதைப் படித்தார். தாதியின் கையிலிருந்த ஊசியை வாங்கித் தட்டில் வைத்தார். இதைப் போட்டிருந்தால் மூச்சுக்குழல் அடைத்திருக்கும் என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

திரும்பியபோது அதிகாரி எனக்கு இரண்டடி தூரத்தில் நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவரே அவசர ஊர்தியை வரவழைத்தார். அந்தோணியம்மாவை ஏற்றிவிடும் வரை கூடவே இருந்தார். அதன் பிறகுதான் குறிப்பேட்டை எடுத்து, ஜமால் பாயிடம் வேனின் ஆவணங்களைக் கேட்டார். கோபம் இல்லாமல், ஏறக்குறைய வருத்தத்தோடு கேட்டார். என் பெயரைக் கேட்கவே இல்லை. அது கருணையா, மறதியா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

வேன் அன்றே போயிற்று. பயணிகளைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, நானும் ஜமால் பாயும் மூவார் பேருந்தில் அருகருகே உட்கார்ந்தோம். மன்னிப்புக் கேட்கலாம் என்று பலமுறை வாயைத் திறந்தேன். பேருந்து எல்லை ஆற்றைக் கடந்து ஜொகூருக்குள் நுழைந்தபின் அவரே பேசினார்.

“ஒம்மேல கோவம் இல்லம்மா. ஒன்னோட எடத்துல நான் இருந்திருந்தா சொல்லிருக்க மாட்டேன். அத நெனச்சாத்தான் பயமா இருக்கு.”

நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

அந்தோணியம்மா கை குணமாகி, இரண்டு கிறிஸ்துமஸ்களுக்குத் தொலைபேசியில் அழைத்தார். அவரைக் காப்பாற்றியவள் என்று என்னை வாழ்த்துவார். பிறகு அழைப்பு வரவில்லை. லாயாங் லாயாங்கில் அவர் இருந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எனக்குப் பணி ஆணை வந்தது. ஜொகூரிலிருந்து மலாக்காவுக்கு அப்படிப் போன வேன்களும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. இப்போது எல்லோரும் தத்தம் கைபேசியைப் பார்த்து, தத்தம் குடும்பத்தோடு மட்டும் போய் வருகிறார்கள். அது பாதுகாப்பானது; ஒரு குடிமகளாக நான் அதை வரவேற்கவே வேண்டும்.

ஜமால் பாய் சிறிது காலம் கோத்தா திங்கியில் யாருடைய தொழிற்சாலைப் பேருந்தையோ ஓட்டினார். விடுமுறைக்கு மூவார் வரும்போது தெருவில் என்னைப் பார்த்தால், தம்மைவிட நல்லவள் ஒருத்தியைப் பார்ப்பதுபோல் ஒதுங்கி நின்று தலையசைப்பார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நானும் சொல்லாமலிருக்கத்தான் முடிவு செய்தேன் என்பது அவருக்குத் தெரியாது. உறை கிழிந்த ஒலியில் என்னை எழுப்பியது மனச்சாட்சியும் இல்லை. இவர் இங்கேயே இறந்தால், ஒவ்வாமை இல்லை என்று சொன்ன உறவுக்காரி யார் என்று தேடுவார்களே என்ற, முன்னதைவிடப் பெரிய பயம் அது. என்னை அளவுகோலாக வைத்துத் தம்மைக் கோழை என்று முடிவு கட்டிக்கொண்ட மனிதரிடம் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். நாளைக்கு, அடுத்த பெருநாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

கிளினிக்குக்குப் போய்வந்த அன்று மகளைத் தூங்க வைத்துவிட்டு அவர் எண்ணை அழைத்தேன். அப்படியோர் எண் பயன்பாட்டில் இல்லை என்று பதிவு செய்த குரல் ஒன்று மலாயில் சொன்னது. மூவாரில் அப்பாவைக் கேட்டேன். பாய் வீட்டை விற்றுவிட்டுப் போய் நாளாகிறது என்றார். எங்கே என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை.