கச்சானை ஏன் கடலை என்கிறார்கள்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ரொக்ஸ்பரோவில் எங்கள் தமிழ் முதியோர் கூட்டம் மாதம் ஒரு தரம் நடக்கும். மேடையில் பேசுவது எப்போதும் படித்தவர்கள். தேநீர் ஊற்றுவது என்னைப் போன்றவர்கள். ஒரு தடவை பொறுக்கமுடியாமல் கூட்டத் தலைவரிடம் கேட்டுவிட்டேன்.

"ஏன் அண்ணை, எங்களுக்கு வாய் இல்லையோ?"

"சரி தங்கச்சி, வாற கூட்டத்திலை நீங்களே கதையுங்கோ. அந்த அமெரிக்க ஜனாதிபதி நூறு வயசிலை செத்துப்போனாரெல்லே, அவரின்ரை சீவியத்தைப் பற்றி."

என்னை மடக்கத்தான் அதைத் தந்தார். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். ஒரு பக்கம் வாசிக்க அரை நாள் போகும். ஆனால் முடியாது என்று சொல்லி மறுபடி தேநீர்க் கேத்தலைப் பிடிக்க எனக்கு மனமில்லை.

பக்கத்து வீட்டு டாக்டர் அம்மா சென்னைக்காரி. அவரிடம் போய் இருந்து கேட்டேன்.

"அவரு கடலை விவசாயிங்க. ரெண்டாவது தேர்தல்ல தோத்ததும் அதே கிராமத்துக்கு, அதே சின்ன வீட்டுக்குத் திரும்பிட்டாரு. தொண்ணூறு வயசுலயும் சுத்தியல் எடுத்து ஏழைங்களுக்கு வீடு கட்டினாரு."

ஒரு கிழமை முழுக்க அடுப்படியில் நின்று அதைச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினேன். வெறும் பேச்சைச் சனம் மறந்துவிடும், வாயில் ருசி இருந்தால் மறக்காது. ஆகவே கடலையை முதல் நாளே ஊறப்போட்டு அவித்து, செத்தல் மிளகாயும் தேங்காய்ச் சொட்டும் போட்டுத் தாளித்து, பெரிய பானையோடு பனிக்குள்ளால் கொண்டுபோனேன்.

பேச்சு நன்றாகத்தான் போனது. "அந்த ஜனாதிபதி தோட்டத்தில் விதைத்தது இந்தக் கடலைதான்" என்று மூடியைத் திறந்தேன். தலைவர் சிரித்தார்.

"தங்கச்சி, அந்தாள் விதைச்சது கச்சான்!"

மண்டபமே சிரித்தது. முன் வரிசையில் இருந்த டாக்டர் அம்மாவைப் பார்த்தேன்.

"நான் வேர்க்கடலையைத்தானே கடலைன்னு சொன்னேன்!"

"அப்ப இது என்ன?"

"அது கொண்டைக்கடலைங்க."

"கச்சானைக் கச்சான் எண்டு சொன்னா உங்களுக்கு வாய் நோகுமோ?"

அவ்வளவுதான், கச்சான் என்கிற நாங்கள் ஒரு பக்கம், கடலை என்கிறவர்கள் மறுபக்கம் என்று மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. கச்சான் என்பது காற்றின் பெயர் என்றார் ஒரு பேராசிரியர். கடலைக்கு ஏது கொண்டை என்று எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் கத்தினார். "எங்க ஊர்ல பொண்ணுங்ககிட்ட கடலை போடறதுன்னாலே வேற அர்த்தம்" என்று ஒரு என்ஜினியர் கண்ணடித்தார். இத்தனை படிப்புப் படித்தவர்கள்! செத்த மனிதரையும் மறந்தார்கள், நின்றுகொண்டிருந்த என்னையும் மறந்தார்கள். நான் நன்றாகப் பாடமாக்கிய பகுதி இன்னும் தொண்டைக்குள்ளேயே கிடந்தது.

அகப்பையால் பானையில் ஓங்கித் தட்டினேன்.

"அந்த மனுசன் எதை விதைச்சா உங்களுக்கு என்ன? அவர் வீடு கட்டின இடத்துக்கு நான் இன்னும் வரேல்லை. இருங்கோ எல்லாரும்!"

இருந்தார்கள். தோற்றதை, ஊருக்குத் திரும்பியதை, சுத்தியலை, ஒரு சொல்லும் தடக்காமல் சொல்லி முடித்தேன். அதற்குப் பிறகுதான் கடலைக்குக் கை நீட்டவிட்டேன்.

தலைவர் இரண்டாம் தரமும் கோப்பையோடு வந்தார்.

"தங்கச்சி, வாற மாதமும் நீங்கள்தான்."

"ஓம் அண்ணை. அப்ப தேத்தண்ணி ஊத்திறது நீங்கள்தான்."