ஒண்ணுக்கு வந்துச்சா?

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நான் வேலை பார்த்தேன். கடையில் பெண்களுக்குக் கழிப்பிடம் கிடையாது. காலையில் கிளம்பினால் இருட்டி வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்வேன். அதற்காகவே தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டேன். இதையெல்லாம் என் கணவரிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் என் இதய வால்வைக் கெடுத்து வைத்திருந்தது. துணிக்கட்டைத் தூக்கினாலே மூச்சு வாங்கும். கடைசியில் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் வால்வை மாற்றினார்கள். கண் விழித்தபோது தொண்டையில் குழாய். பிடுங்கிவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள்.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிதும்மா" என்றார் டாக்டர்.

குழாயை எடுத்த பிறகு வேறொன்று தொடங்கியது. கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையில் ஒன்றும் இறங்கவில்லை. நர்ஸ் அடிக்கடி வந்து குனிந்து பார்ப்பார். நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். எனக்கு முகமும் காலும் வீங்கின. இதயம் ஒழுங்காகத் துடித்தது, சிறுநீரகம் வேலை செய்யவில்லை. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார்கள். தண்ணீர் குடிக்காமல் இருந்ததாலா என்று கேட்டேன். அப்படிச் சொல்லிவிட முடியாது என்றார் டாக்டர். கழுத்து வழியாகக் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்தார்கள். மெஷின் ஓடும்வரை அசையாமல் கிடக்க வேண்டும்.

என் கணவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பார். உள்ளே விட்டதும் முதல் வார்த்தை, "வந்துச்சா?"

நாத்தனார் போனில் கேட்டாள்: "அண்ணி, ஒண்ணுக்கு வந்துச்சா?"

கடை முதலாளியும் விசாரித்தாராம். மேல்சித்தாமூரிலிருந்து பெரியப்பா வந்தார். என் முகம் பார்த்துப் பேசவே கூச்சப்படுகிறவர். அவரும் பையைக் குனிந்து பார்த்தார். அதைப் போர்வையால் மூடலாமென்றால் கை எட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் நர்ஸ் கூவினார்: "அக்கா, வந்துடுச்சி!"

பையின் அடியில் கொஞ்சம் மஞ்சளாகத் தேங்கியிருந்தது. வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அடுத்த சில நாட்களில் டயாலிசிஸை நிறுத்தினார்கள். ஆனால் சிறுநீரகம் முழுதாகப் பழைய நிலைக்கு வரவில்லை. தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஊர் திரும்பியபோது சித்திரை வெயில். சுற்றிலும் பாறை மலை, வீடே வெந்தது. கணவர் அன்றைக்கான தண்ணீரை ஒரு பாட்டிலில் வைத்துவிட்டு, சமையலறையைப் பூட்டிச் சாவியோடு ஆட்டோ ஓட்டப் போவார். மத்தியானத்துக்குள் பாட்டில் காலியாகிவிடும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். ஒரு நாள் தாங்க முடியாமல், குளிக்க வைத்திருந்த வாளித் தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தேன்.

மறுநாள் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது.

"இன்னா குடிச்ச? உண்மைய சொல்லு."

"நான் இன்னா கைதியா? எதுக்கு பூட்டிட்டுப் போறீங்க?"

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அந்தக் கண்ணாடிக்கு வெளிய நின்னுகினு இருந்தது நானு. நீ மெஷின்ல கெடந்தத பாத்தது நானு. இன்னொரு வாட்டி என்னால ஆவாது."

அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை. கையை நீட்டினேன். "சாவிய குடுங்க. நானே அளந்து குடிக்கிறேன்."

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அன்றே புதுச்சேரிக்குக் கூட்டிப்போனார். ஊசி போட்டு நீரை வெளியேற்றினார்கள்.

இப்போது ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் கெட்டால் ஏறும் கிரியாட்டினின், ஏறாமல் நிற்கிறது. "இதே அளவுல நின்னா போதும்" என்கிறார் டாக்டர். நாள் முழுக்க நிற்கும் வேலை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். கடையில் வேறு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள். பகலெல்லாம் வீட்டில்தான் இருக்கிறேன். சமையலறைக் கதவு திறந்துதான் கிடக்கிறது. வெயில் தாழ்ந்ததும் தெருமுனைப் பக்கம் நடக்கிறேன், கால் கனக்கும் இடத்தில் திரும்பிவிடுகிறேன்.